மூன்றாம் கட்டத்து வெளிச்சம்

அத்தியாயம் 4

"திருடு போன பொருள் மேஜை மேலயே இருக்குன்னா, அதுக்குப் பேரு திருட்டா மேடம்?" என்று கேட்டான் பாஸ்கரன்.

கேள்வி நியாயமானதுதான். மேஜை மேல் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. தீப்பெட்டி அளவு. அதன் நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக நான்கு கட்டங்கள். அந்தத் துண்டைக் காணவில்லை என்று சொல்லித்தான் இவர்களை வரவழைத்திருந்தார்கள்.

அவன் கேட்டது பொற்கொடியிடம். அவள் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். கணவர் ஆரம்பித்த நிறுவனம். அவர் போன பிறகும் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. அவருடைய நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை, முக்கியமாகப் பாஸ்கரனை. பாஸ்கரன் அருப்புக்கோட்டைக்காரன். இரும்பு உருக்கும் பவுண்டரி வேலைக்கென்று ஓசூருக்கு வந்து, சூடு தாங்காமல் துப்பறிய வந்தவன். உடம்பு ஆறிவிட்டது. வாய் மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"இது அந்தக் கண்ணாடி இல்லீங்க," என்றார் சௌந்தரராஜன். கார், லாரிகளுக்கு விளக்கு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் முதலாளி. அக்டோபர் மாதத்து ஓசூர்க் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது அவருக்கு. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வெள்ளைக் கைக்குட்டை. ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாய் ஒரு கறை. "அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற வேற கண்ணாடி. அசலை இந்தப் பொண்ணு மாத்திட்டா. பெங்களூர்ல எவனுக்கோ வித்துட்டா."

இந்தப் பொண்ணு என்று அவர் சுட்டிய அருணா, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிருஷ்ணகிரிக்காரி. சென்னையில் மேல்படிப்பு முடித்து, இந்தத் தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்த சிறிய ஆராய்ச்சி அறைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பிளாஸ்டிக்கை எரிய வைப்பது அவள் வேலை. எரிய வைப்பது என்றால் நெருப்பு வைப்பதல்ல. பாலிமர் கரைசலைக் கண்ணாடி மேல் ஊற்றி, வேகமாகச் சுழற்றினால் அது கண்ணுக்கே தெரியாத படலமாகப் பரவும். முன்னும் பின்னும் கரண்ட் கொடுத்தால் படலம் மஞ்சளாக ஒளிரும். இரண்டாயிரத்து ஆறில் இதை உலகத்தில் பல பேர் செய்துகொண்டிருந்தார்கள். கொடுக்கிற கரண்டுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்ற இடத்தில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் பொற்கொடி.

"ஆயுத பூஜை முடிஞ்சு, மறுநாள் விஜயதசமி. மறுபூஜை போட்டு மிசினெல்லாம் ஓட்ட ஆரம்பிச்சதும் முதல் வேலையா இதுக்கு ரீடிங் எடுத்தேன் மேடம். மூணாவது கட்டம் மட்டும் மத்த மூணையும் விட மூணுல ஒரு பங்கு அதிகமா வெளிச்சம் குடுத்துச்சு. அதே கரண்ட். திருப்பித் திருப்பி எடுத்தேன், மாறவே இல்ல. சார்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். முந்தாநாள் மறுபடி எடுத்தா நாலும் ஒண்ணு போல இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா? மாத்தாம எப்படி மாறும்?" என்றார் சௌந்தரராஜன்.

"இது அதே கண்ணாடிதான் சார். சீல் வைக்கிறப்ப இந்த ஓரத்துல ஒரு காத்துக் குமிழ் மாட்டிக்கிச்சு. இப்பவும் இருக்கு பாருங்க."

"குமிழு எதுல வேணாலும் இருக்கும்."

"காலையில கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னீங்க." அருணா சுவரை விட்டு முன்னால் வந்தாள். கட்டிய கையை மட்டும் பிரிக்கவில்லை. "ஒரு தடவை அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னா, அப்புறம் இந்த சிப்காட்ல எந்த கேட்டும் எனக்குத் திறக்காது. உங்களுக்குப் போறது ஒரு சாம்பிள். எனக்கு?"

"மூணு மணிக்கு இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பணம் போட பெங்களூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள அசல் வரணும். வரலைன்னா போலீஸ்." சௌந்தரராஜன் மறுபடியும் நெற்றியைத் துடைத்தார்.

பாஸ்கரன் பொற்கொடியின் காதருகே குனிந்தான். "இவரு துடைக்கிற துடைப்புக்கு நெத்தியில எழுதினதே அழிஞ்சிரும் மேடம்."

"இதை எரிய வச்சுக் காட்டுங்க," என்றாள் பொற்கொடி.

ஆராய்ச்சி அறைக்குள் போனார்கள். தலையில் தொப்பி, காலில் உறை. உள்ளே எல்லாம் மஞ்சள் விளக்கு. இங்கே கையாளும் சில ரசாயனங்களுக்கு வெள்ளை விளக்கு ஆகாது என்றாள் அருணா. பாஸ்கரனின் வெள்ளைச் சட்டையும் பொற்கொடியின் வெளிர்மஞ்சள் புடவையும் அங்கே ஒரே நிறமாகத் தெரிந்தன.

அருணா கண்ணாடியை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் மாட்டி, முதல் கட்டத்துக்குக் கரண்ட் கொடுத்தாள். பெட்டியோடு இணைத்திருந்த மீட்டரில் வெளிச்சத்தின் அளவு எண்ணாகத் தெரிந்தது. பெட்டியின் சிறு துளை வழியாகப் பாஸ்கரன் எட்டிப் பார்த்தான்.

"மேடம், மூஞ்சியை விட விளிம்புதான் அதிகமா மின்னுது. கண்ணாடியோட நாலு ஓரமும் தகதகங்குது. சினிமாக் கொட்டாயில முன்வாசலைப் பூட்டிப்புட்டு, சைடு கேட்டு வழியா சனத்தை விடுறாய்ங்க."

அருணா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். "அது எப்பவும் அப்படித்தாங்க. எல்லாருடையதும் அப்படித்தான் இருக்கும்."

பொற்கொடியும் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். "நாலு கட்டமும் தனித்தனியா செஞ்சதா?"

"இல்ல மேடம். ஒரே கரைசல், ஒரே சுத்து. ஒண்ணாப் பொறந்ததுங்க."

"ஒரே கல்லுல ஊத்தின தோசை. அதுல ஒரு விள்ளல் மட்டும் எப்படிம்மா நெய் ரோஸ்ட் ஆச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் தூக்கம் கெட்டு நிக்கிறேன்?"

"இந்த அறைக்குள்ள யாரெல்லாம் வருவீங்க?"

"நான். சார் எப்பவாச்சும் வருவார். அப்புறம், துடைக்கிற வெங்கடம்மா."

"அவங்க எங்க?"

அருணா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி எரிச்சலோடு சொன்னார்: "முந்தாநாள் சாயங்காலம் போனவ, நேத்தும் வரலை, இன்னிக்கும் வரலை. முந்தானையில எதையோ சுத்தி இடுக்கிக்கிட்டு ஓடினாள்னு கேட்ல சொல்றான். ஊரு தளி." சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. "கூட்டாளி! ரெண்டு பேரும் கூட்டாளிங்க!"

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா பாஸ்கரா?" என்றாள் பொற்கொடி.

"ஸ்கூட்டர்ல இருக்கு மேடம். எனக்குத்தான் இன்னும் டிபன் ஊத்தலை."

தளி ரோட்டில் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. இரண்டு பக்கமும் பாலிதீன் கூடாரங்களுக்குள் ரோஜா. எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய லாரிகள். பின்சீட்டில் உட்கார்ந்து பாஸ்கரன் வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். வெங்கடம்மாள் கண்ணாடியை எடுத்து ரோஜாப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்பது அவன் கட்சி. பொற்கொடி ஒரு பள்ளத்தைப் பார்த்தும் பிரேக் போடாமல் இறக்கினாள். வழக்கு நாக்கோடு சேர்ந்து கடிபட்டது.

ஊரின் மறுகோடியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நாலைந்து பெண்கள் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "வெங்கடம்மா யாருங்க?" என்று பொற்கொடி கேட்டு முடிக்கவில்லை. ஓரத்தில் இருந்த கனத்த உடம்புக்காரி ஒருத்தி மடியில் இருந்த பீன்ஸ் சிதற எழுந்து, கோஸ் தோட்டத்துக்குள் ஓடினாள்.

"பார்த்தீங்களா மேடம், ஓடுறா!"

"பின்னாடியே ஓடு."

பாஸ்கரன் ஓடினான். வெங்கடம்மாள் வரப்பில் ஓடினாள். இவன் குறுக்கு வழி என்று நினைத்து வாய்க்காலில் ஓடினான். வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. விழுந்த சத்தம் கேட்டு வெங்கடம்மாள்தான் திரும்பி வந்து, அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அய்யய்யோ, அடி பட்டுச்சா சாமி?"

"உன்னைப் புடிச்சுட்டேன்," என்றான் பாஸ்கரன், முட்டியளவு சேற்றில் நின்றுகொண்டு.

கொட்டகைக்கு வந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். தமிழில் தொடங்கித் தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் தமிழுக்கு வந்தாள். "நாந்தானுங்க கெடுத்தது. அருணம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அது தங்கமான புள்ள."

"முந்தானையில என்ன சுத்தி எடுத்துட்டு வந்தீங்க?"

கொட்டகையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய் ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அடியில் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது. "பூசை ரூமு கிண்ணம்ங்க. களிம்பு ஏறியிருந்துச்சு. புளி போட்டுத் தேச்சுக் கொண்டாந்து வச்சிரலாம்னு எடுத்தேன். அப்புறம் திரும்பி வர மூஞ்சி இல்ல."

"ஏன் இல்ல?"

"ஆயுத பூசைக்கு அந்த மஞ்ச ரூமுக்குள்ள பொடி எதுவும் ஆகாதுன்னுச்சுங்க அருணம்மா. விபூதி கூடாது, குங்குமம் கூடாது, கற்பூரம் பேச்சே எடுக்கக் கூடாது. தூசி பறந்தா வேல கெட்டுருமாம். சரி கண்ணு, ஈரச் சந்தனம் மட்டும் வச்சுக்கறேன்னேன். மிசினுக்கு மட்டும் வையின்னுச்சு. எல்லா மிசினுக்கும் வச்சேன். பாத்தா, தட்டுல அந்தச் சின்னக் கண்ணாடி மட்டும் மொட்டையாக் கெடக்கு. அதுக்காகத்தான அந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாம கெடக்குது? காத்து அடிக்கிற பம்புக்குப் பொட்டு உண்டு, இதுக்கு இல்லியா? மனசு கேக்கல. ஒரே ஒரு பொட்டு வச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "முந்தாநாளு கண்ணாடி கெட்டுப் போச்சுன்னு மொதலாளி கத்துறாரு. தேவுடா, நம்ம பொட்டுதான் உள்ள எறங்கிக் கெடுத்துருச்சுன்னு வந்துட்டேன்."

"எந்த விரலால வச்சீங்க?"

வெங்கடம்மாள் மோதிர விரலைக் காட்டினாள். தடித்த விரல். அந்த விரல் நுனிக்கு அடியில் ஒரு கட்டம் முழுதாக மறைந்து, கூடவே சுற்றிலும் கொஞ்சம் மிஞ்சும்.

பாஸ்கரன் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே யோசித்தான். "கணக்கு இடிக்குதே மேடம். விளக்கு மேல சந்தனத்தை அப்பினா வெளிச்சம் குறையணும்ல? கூடுமா?"

"குறையணும்னுதான் எல்லாரும் நினைப்போம். அதனாலதான் யாரும் அந்தப் பக்கமே தேடலை," என்றாள் பொற்கொடி. கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். இதே வாசனையைக் காலையில் ஒருமுறை முகர்ந்திருந்தாள், பூஜை அறைக்குப் பக்கத்தில் கூடப் போகாமல். "வெங்கடம்மா, சந்தனக் கட்டையும் கல்லும் இருக்கா? எடுத்துக்கிட்டு ஏறுங்க வண்டியில."

"மூணு பேரா?" என்றான் பாஸ்கரன்.

"நீ பாதிதான. ரெண்டரை."

தொழிற்சாலையின் நீண்ட நடைக்கூடத்தில், வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே, சௌந்தரராஜன் உலாவிக்கொண்டிருந்தார். வெங்கடம்மாளைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். "எங்கடி கண்ணாடி?"

"சார், உங்க கைக்குட்டையைக் கொஞ்சம் குடுங்க," என்றாள் பொற்கொடி.

"எதுக்கு?"

"முகம் துடைக்க இல்ல."

கொடுத்தார். டியூப்லைட்டில் விரித்துக் காட்டினாள். மூலையில் மஞ்சள் கறை பளிச்சென்று தெரிந்தது. "எல்லாரும் இதை நல்லாப் பார்த்துக்கங்க. இப்ப உள்ள வாங்க."

மஞ்சள் விளக்கு அறைக்குள் போய் அதே கைக்குட்டையை மறுபடியும் விரித்தாள். கறையைக் காணோம். துணி முழுவதும் ஒரே நிறம்.

"மேடம், இது சோப்பு விளம்பரத்துக்கு எடுக்க வேண்டிய சீனு!" என்றான் பாஸ்கரன்.

அருணா கிட்டே வந்தாள். கைக்குட்டையை வாங்கி முகர்ந்தாள். "சந்தனம்," என்றாள் மெதுவாக. பிறகு வெங்கடம்மாளைப் பார்த்தாள். "நீங்க கண்ணாடிக்கும் வச்சீங்களா?"

வெங்கடம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த வெளிச்சத்துல அருணா கண்ணுக்கு அது படலை. இங்கேயே எடுத்து, இங்கேயே பெட்டிக்குள்ள மாட்டிட்டாங்க. விளக்கும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள், பாலிமர் எரியறதும் மஞ்சள்," என்றாள் பொற்கொடி. "ஆனா அந்தக் கண்ணாடி ஒரு தடவை வெள்ளை வெளிச்சத்துக்குப் போயிருக்கு. இல்லீங்களா சார்?"

சௌந்தரராஜன் தொண்டையைச் செருமினார். "முந்தாநாள் காலையில என் ரூமுக்கு எடுத்துட்டுப் போனேன். சும்மா பார்க்கலாம்னு. நடுவுல ஏதோ அழுக்கா இருந்துச்சு. வர்றவங்களுக்குப் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு ஊதி... கொஞ்சம் துடைச்சேன்."

"திருடன் அகப்பட்டான்," என்றான் பாஸ்கரன். "வெளிச்சத்தைத் துடைச்சுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, ரெண்டு நாளா அதை வச்சே வேர்வையும் துடைச்சிருக்கீங்க."

"எல்லாம் பேச்சுதான். நிரூபணம்?"

வெங்கடம்மாள் நடையில் உட்கார்ந்து சந்தனம் இழைத்தாள். பொற்கொடி சொன்னபடி இந்த முறை மூன்றாம் கட்டத்தை விட்டுவிட்டு, முதல் கட்டத்தின் மேல் மோதிர விரலை வைத்து எடுத்தாள். காயும்வரை பாஸ்கரன் தொப்பியால் விசிறினான். அருணா கண்ணாடியைக் கறுப்புப் பெட்டிக்குள் மாட்டி, காலையில் கொடுத்த அதே கரண்டைக் கொடுத்தாள்.

மீட்டரில் எண் ஏறியது. காலையில் நின்ற இடத்தைத் தாண்டி, அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்ற அளவுக்குக் கிட்டத்தில் போய் நின்றது.

அருணா எண்ணைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் துளைக்கு அருகே குனிந்தாள். அப்புறம் சௌந்தரராஜன் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"போச்சு. அப்ப எல்லாமே பொய்! புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. ஒரு சந்தனப் பொட்டை வச்சு மீட்டரை ஏமாத்தியிருக்கு. திருடி இல்ல, சரி. ஏமாத்துக்காரி! பெங்களூர்காரங்க முன்னாடி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

பொற்கொடி திரும்பி அருணாவைப் பார்த்தாள். இதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. தான் அவிழ்த்த முடிச்சே இந்தப் பெண்ணின் கழுத்தில் விழுந்துவிட்டதோ என்று ஒரு கணம் அவளுக்கே திக்கென்றது.

அருணாவோ பெட்டியின் துளையில் கண்ணை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்கரன் சார், இங்க வாங்க. இப்ப விளிம்பைப் பாருங்க."

பாஸ்கரன் பார்த்தான். "தகதகப்பு குறைஞ்சு போச்சே! சைடு கேட்டுல கூட்டத்தையே காணோம்."

"முன்வாசல் வழியா வந்துருச்சுங்க." அவள் முதலாளியிடம் திரும்பினாள். பேச்சு வேகமாக வந்தது. "சார், படலத்துல பொறக்கிற வெளிச்சத்துல கால்வாசி கூட முன்னாடி வெளிய வர்றதில்ல. மிச்சம் உள்ளேயே மாட்டிக்கும். வழவழன்னு இருக்கிற கண்ணாடியில சரிவாப் போய் மோதுறது, திரும்ப உள்ளேயே குதிச்சு, ஓடி ஓடி விளிம்புல போய் வீணாப் போகும். சந்தனம் கண்ணாடி மேல நல்லா ஒட்டிக்கிட்டு, அப்படி ஓடுறதைக் கலைச்சு வெளிய தள்ளுது. மீட்டர் ஏமாறலை சார். அதே கரண்டுக்கு நிஜமாவே அவ்வளவு வெளிச்சம் வெளிய வருது. ரெண்டு வருசமா நான் புதுப் புதுப் பாலிமரா மாத்திக்கிட்டிருந்தேன், வெளிச்சம் பத்தலைன்னு. பொறந்த வெளிச்சம் வெளிய வர வழியில்லாம கெடந்திருக்கு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்க்கவே இல்ல."

சௌந்தரராஜன் மெல்ல நிமிர்ந்தார். "அப்படின்னா, இது நல்லதா?"

"ரொம்ப நல்லது சார். சந்தனம் நாளாக நாளாகக் கறுத்துரும், உதிர்ந்துரும். அதே வேலையை உதிராம செய்யற பூச்சு ஒண்ணு செய்யணும். அது என்னால முடியும்."

வெங்கடம்மாளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. "அப்ப நான் கெடுக்கலியா கண்ணு?"

"இல்ல வெங்கடம்மா. ஆனா அடுத்த வருசம் என்கிட்ட சொல்லிட்டு வைங்க."

கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. சௌந்தரராஜன் துள்ளி எழுந்தார். நாற்காலியில் சரிந்த மனிதர் போன இடம் தெரியவில்லை. "வந்துட்டாங்க! அருணா, கண்ணாடியை எடுத்துக்க. சந்தனம் கிந்தனம்னு வாயைத் திறக்காத. ரகசியப் பூச்சுன்னு சொல்லிருவோம்."

"சந்தனம்னுதான் சார் சொல்வேன். மறைச்சா நாளைக்கு அவங்க செஞ்சு பார்த்துட்டு நம்மள ஏமாத்துக்காரங்கன்னுவாங்க."

"சரி, சரி, எதையாச்சும் சொல்லு. வா போலாம்."

அருணா நகரவில்லை. திறந்த கதவு வழியாக, நடையின் கோடியில் வருகைப் பதிவு நடக்கும் டைம் ஆபீஸ் ஜன்னல் தெரிந்தது. உள்ளே மேஜை மேல் ஒரு மைக். ஷிப்டு பஸ் கிளம்புவதை அறிவிப்பதற்கு வைத்திருந்தது. அதைக் கையால் காட்டினாள்.

"முதல்ல அது சார்."

"விளையாடாதம்மா. ஆளுங்க கேட்ல நிக்கறாங்க."

"காலையில நான் நின்னேன். கேன்டீன்ல. எல்லார் முன்னாடியும்."

சௌந்தரராஜன் பொற்கொடியைப் பார்த்தார். பொற்கொடி பாஸ்கரனைப் பார்த்தாள். பாஸ்கரன் அவருக்கு முன்னால் ஓடிப்போய் டைம் ஆபீஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

மைக் முதலில் கீச்சிட்டது. அப்புறம் தொழிற்சாலை முழுவதும், பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லா இடத்திலும், முதலாளியின் குரல் விழுந்தது.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். கண்ணாடி தொலையலை. யாரும் திருடலை. அருணா ஒரு தப்பும் பண்ணலை. தப்பு என்னோடது. நான்தான் தெரியாம... துடைச்சுட்டேன். காலையில நான் பேசினதை எல்லாரும் மறந்துருங்க. அருணா, மன்னிச்சுக்கம்மா."

பிரஸ் ஷாப்பில் ஒரு மிசின் நின்றது. அப்புறம் இன்னொன்று. யாரோ விசில் அடித்தார்கள். சௌந்தரராஜன் மைக்கை அணைக்கப் போனார்.

"சார்," என்றாள் அருணா. கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் சிரித்தது. "பிரஸ் ஷாப்புல பாதிப் பேரு கன்னடம். அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

அவர் திகைத்து நின்றார். வெங்கடம்மாள் சந்தனக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "பெயின்ட் ஷாப்புல எல்லாம் எங்காளுங்க. தெலுங்குங்க."

சௌந்தரராஜன் ஒரு பெருமூச்சு விட்டு, மைக்கை மறுபடியும் வாய்க்கருகே இழுத்துக்கொண்டார்.

வெளியே பெங்களூர் கார் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கிக்கு நேர் கீழே போய், தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெலுங்கு.